கோப்பின் முகவரி

டில்லியிலே மந்திர் மார்க்கை அறியாத தமிழ் மாணவர் நம்முள் இரார். பிர்லா மந்திர் என்று எல்லாரும் வழங்கும் இலட்சுமி நாராயணர் கோயில், 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்தது, அச்சாலையில்தான் இருக்கிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் அங்கேதான். அச்சாலையை ஒட்டிக் குடியிருக்கும் முதியவர் ஒருவர் முன் சென்ற பங்குனியில் நான் தலை குனிந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று சொன்னால்தான் இக்கட்டுரையின் பொருள் விளங்கும்.

அப்பெரியவர் மத்திய அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் ஒன்பது, 1956 முதல் 1964 வரை வெளிவந்தவை, அவரிடம் இருந்தன. நம்மிடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். தாள் பழுப்பேறி, விரல் பட்டால் ஓரம் உதிரும் நிலை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அடைவு. அதனுள் 001, 002 என்று பக்க எண்ணே கோப்பின் பெயர். நண்பர் ஒருவர் தம் விண்டோஸ் மடிக்கணினியில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு பட்டியல் செய்தார். பட்டியலின் ஒரு வரி இப்படி இருக்கும்:

மலர்கள்\1956\001.படம்

படங்களை ஒழுங்குபடுத்திச் சங்கத்தின் தொகுப்பில் சேர்க்கும் நிரலை எழுதியவன் நான். முந்திய இரவு அதே மடிக்கணினியில் ஐந்து கோப்புகளை வைத்துச் சோதித்தேன், குறையொன்றும் இல்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இருந்த லினக்ஸ் பொறியில் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. தொகுப்பைத் திறந்து பார்த்தால், ஒன்பது மலர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மலர் இருந்தது. அதுவும் விந்தையான மலர்! முதற் பகுதி முழுவதும் 1964, பின்பக்கங்கள் 1961, கடைசி நான்கு பக்கங்கள் 1958. மற்றவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்து போயின. இடம் வேண்டுமென்று மடிக்கணினியில் இருந்த படிகளையும் நண்பர் அதற்குள் நீக்கிவிட்டார்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். நிரல் ஒவ்வொரு வரியிலும் இரண்டு செய்திகளை எடுக்க வேண்டும்: அடைவு எது, பெயர் எது. பெயரை எடுப்பதற்கு நான் \ என்ற குறி கண்ட இடத்தில் எல்லாம் வரியை வெட்டிக் கடைசித் துண்டை எடுத்துக் கொண்டேன். அடைவை எடுக்கும் வேலையை மட்டும் மொழியோடு வரும் கருவியிடம் விட்டேன். அக்கருவி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அந்தத் தளத்தின் வழக்கப்படி பாதையைப் பிரிக்கும். விண்டோஸில் ஓடியபோது \ என்பது பிரிப்புக்குறி என்று அதற்குத் தெரியும். ஆகவே 'மலர்கள்\1956' என்று விடை தந்தது. லினக்ஸிலோ / ஒன்றே பிரிப்புக்குறி. அங்கே \ என்பது பெயருக்குள் வரத்தக்க மற்றோர் எழுத்து, அவ்வளவே. கருவி வரியைப் பார்த்தது. / எங்கும் இல்லை. ஆகவே "அடைவு ஏதும் இல்லை" என்று முறைப்படி விடை சொன்னது. 1956-இன் முதற் பக்கமும் 1957-இன் முதற் பக்கமும் இவ்வாறு ஒரே இடத்துக்கு, ஒரே பெயரில் வந்து சேர்ந்தன.

இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருந்திருக்கக் கூடும். கோப்பைப் பெயர் மாற்றி நகர்த்தும் கட்டளை, பைத்தான் மொழியில், விண்டோஸில் அந்தப் பெயரில் முன்பே ஒரு கோப்பு இருந்தால் மறுத்து நின்றுவிடும். லினக்ஸில் அதே கட்டளை பழைய கோப்பை ஓசையின்றி நீக்கிப் புதியதை அங்கே வைக்கும். இது பிழையன்று, யூனிக்ஸ் குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். நான் அறியாதிருந்தது என் குற்றம்.

பெரியவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "தம்பி, முகவரி தப்பினால் கடுதாசி எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழைய தபால் உறையைக் கொண்டு வந்தார். அவர் தந்தையார் கும்பகோணத்திலிருந்து எழுதியது. மேலே பெயர், அடுத்து வீட்டு எண், அடுத்து 'ரீடிங் ரோடு', அடியிலே 'புது டில்லி'. மந்திர் மார்க்கின் பழைய பெயர் அதுதான். வைசிராயாக இருந்த ரீடிங் பிரபுவின் பெயர். "தபால்காரர் இதை அடியிலிருந்து மேலே படிப்பார். முதலில் ஊர், பிறகு தெரு, பிறகுதான் ஆள்" என்றார்.

அந்த உறையை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாம் எழுதும் முகவரி சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது. 1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கத்துக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணோ பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறது. 110001 என்பதில் முதல் இலக்கம் நாட்டின் வட்டாரத்தைச் சொல்லும். முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். கோப்பின் பாதை இந்த எண்ணைப் போன்றது. வேரிலிருந்து தொடங்கிக் கிளை கிளையாக இறங்கி, இறுதியில் கோப்பின் பெயரில் முடிகிறது. ஓர் உறையின் மேல் முகவரியையும் எண்ணையும் கண்டால் எதை எந்தத் திசையில் படிப்பது என்பதில் நமக்கு மயக்கம் வருவதில்லை. எந்த வழக்கில் எழுதியது என்று முன்பே தெரிந்திருப்பதால்.

கணிப்பொறி உலகில் வழக்கு ஒன்றாக அமையவில்லை. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் / குறியைக் கொண்டது. அதற்கு மூத்த மல்டிக்ஸ் > குறியைப் பயன்படுத்தியது. டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்துப் பிரித்தது. ஆப்பிளின் பழைய மாக்கின்டாஷ் முக்காற்புள்ளியை, அதாவது : என்பதைக் கொண்டது. 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸின் முதற் பதிப்பில் அடைவுகளே கிடையா. ஒரு தட்டில் உள்ள கோப்புகள் யாவும் ஒரே வரிசை. அதனால் பிரிப்புக்குறி தேவைப்படவில்லை. ஆனால் கட்டளைகளுக்கு விருப்பங்களைச் சொல்லும் அடையாளமாக / அப்போதே இடம் பிடித்துக் கொண்டது. 1983-இல் இரண்டாம் பதிப்பில் அடைவுகள் வந்தபோது அந்தக் குறி காலியாக இல்லை. ஆகவே அதனைத் திருப்பிப் போட்டாற்போன்ற \ குறியைத் தேர்ந்தனர். காலியில்லாத நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த கதைதான். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நாம் அதன் பலனை அனுபவிக்கிறோம்!

(ஜப்பானிய விண்டோஸில் இந்தக் குறியின் இடத்தில் யென் நாணயக் குறி தென்படும். 92 என்னும் எண்ணுக்கு அவர்கள் பழைய எழுத்துத் தரத்தில் யென்னை வைத்திருந்தனர். கண்ணுக்கு நாணயம், பொறிக்கு அதே எண், அதே பிரிப்புக்குறி.)

குறி மட்டும் வேறென்றால் ஒன்றை நீக்கி மற்றொன்றை இட்டு முடித்துவிடலாம். வேரும் வேறு. யூனிக்ஸ் வழியில் வந்தவற்றுக்கு ஒரே வேர். அதன் பெயர் /. எத்தனை தட்டுகளை இணைத்தாலும் அவை அம்மரத்தின் ஏதோ ஒரு கிளையில் ஒட்ட வைக்கப்படும். விண்டோஸிலோ ஒவ்வொரு தட்டும் தனி மரம்: சி: , டி: என்று எழுத்துப் பெயர். இவ்வழக்கம் டாஸுக்கும் முந்திய சி.பி/எம். காலத்தது. முதல் இரண்டு எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்குப் போயின. 1983-இல் நிலைவட்டோடு வந்த ஐ.பி.எம். பொறியில் அதற்கு மூன்றாம் எழுத்தாகிய 'சி' கிடைத்தது. நெகிழ்வட்டு மறைந்தும் எழுத்து மாறவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'சி:\மலர்' என்றால் சி தட்டின் வேரிலுள்ள மலர். 'சி:மலர்' என்றால் சி தட்டில் நாம் இப்போது நிற்கும் அடைவிலுள்ள மலர். ஒரு கோடு விட்டால் ஊரே மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர் பலர் இந்த இரட்டை வாழ்வைத் தம் மடியிலேயே வைத்திருந்தனர். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். பொறியைத் திறக்கும்போது இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்கும். விண்டோஸைத் தேர்ந்தால் ஒரு கட்டுரையின் முகவரி 'டி:\கட்டுரை\முதல்.உரை'. பாஸைத் தேர்ந்தால் அதே தட்டில், அதே இடத்தில், ஓர் எழுத்தும் மாறாத அதே கோப்புக்கு முகவரி '/மீடியா/மாணவர்/பொது/கட்டுரை/முதல்.உரை' என்பது போல அமையும். கோப்பு இடம் பெயரவில்லை. பார்க்கும் வாசல்தான் வேறு. இதை உணர்ந்தவர், ஒரு நிரலுக்குள் முழு முகவரியை எழுதி வைக்கமாட்டார், 'கட்டுரை', 'முதல்.உரை' என்ற பின்பகுதியை மட்டும் வைத்துக் கொண்டு, முன்பகுதியை நிரல் ஓடும் இடத்தில் கேட்டு அறிவார்.

இனி என் பிழைக்குத் திரும்புகிறேன். பாதையைப் பிரிக்கப் போகும்போது "என் நிரல் எந்தப் பொறியில் ஓடுகிறது?" என்று கேட்பதே பலருடைய வழக்கம். மொழியின் கருவிகளும் அவ்வாறே கருதிக் கொள்கின்றன. தன் பொறியில் பிறந்த பாதைக்கு அது சரி. பட்டியலில் வந்த பாதைக்கு, கடிதத்தில் வந்த பாதைக்கு, வேறொருவர் அனுப்பிய பொட்டலத்தில் வந்த பாதைக்கு அது தவறு. அங்கே கேட்க வேண்டிய வினா "இந்தப் பாதை எந்தப் பொறியில் எழுதப்பட்டது?" என்பது. கும்பகோணத்துக் கடிதத்தைக் கும்பகோணத்து வழக்கில்தான் படிக்க வேண்டும், டில்லியில் உட்கார்ந்து படித்தாலும்.

பைத்தான் மொழியில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. 2014-இல் வந்த 3.4 பதிப்பு முதல் 'பாத்லிப்' என்னும் தொகுதி அதனுடன் வருகிறது. அதில் 'ப்யூர்விண்டோஸ்பாத்', 'ப்யூர்போசிக்ஸ்பாத்' என்று இரு வகைகள் இருக்கின்றன. முன்னது எந்தப் பொறியில் ஓடினாலும் விண்டோஸ் வழக்கிலேயே படிக்கும். பின்னது யூனிக்ஸ் வழக்கிலேயே படிக்கும். இவை தட்டைத் தொடமாட்டா. எழுத்தை மட்டும் ஆராயும். என் பட்டியலின் வரியை முன்னதிடம் கொடுத்தால் 'மலர்கள்', '1956', '001.படம்' என்று மூன்று துண்டுகள் கிடைக்கும், லினக்ஸிலும். அத்துண்டுகளை ஓடும் பொறியின் வழக்கில் மறுபடி சேர்த்துக் கொள்ளலாம். பிரிப்பது எழுதியவர் வழக்கில்; சேர்ப்பது பயன்படுத்துபவர் வழக்கில். என் நிரலில் மாற்ற வேண்டியிருந்தது மூன்றே வரி.

\ குறியால் வேறொரு தொல்லையும் உண்டு. பல நிரல்மொழிகளில் அது ஒரு மந்திரக்கோல். அடுத்து வரும் ஆங்கில எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் தரும். 'என்' எழுத்து வந்தால் புது வரி. 'டி' எழுத்து வந்தால் தத்தல் இடைவெளி. ஆகவே 'சி:\தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் நிரலுக்குள் எழுதினால் கோட்டையும் முதலெழுத்தையும் மொழி விழுங்கிவிட்டு, இடைவெளியும் 'அமிழ்' என்பதும் எஞ்சும். நம் மொழியின் பெயரே அமிழ்ந்து போகிறது! குறியை இரட்டித்து எழுதுவது ஒரு வழி. விண்டோஸின் உட்செயல்கள் பெரும்பாலும் / குறியையும் ஏற்கும் என்பதால் அதையே எழுதுவது மற்றொரு வழி.

தமிழில் கோப்புக்குப் பெயரிடும் நமக்கென்று தனியே சில இடர்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல்களில் இவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆகவே சற்று விரித்துச் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டை லினக்ஸ் கணக்கில் கொள்ளும். விண்டோஸும் மாக்கும் பெரும்பாலும் கொள்ளா. அதனால் வரும் குழப்பங்கள் ஏராளம். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது இல்லை. ஆதலால் நமக்கு அந்தத் துன்பம் இல்லை.

ஆனால் ஒகரம் நம்மைச் சோதிக்கிறது. 'கொ' என்பதை அச்சுக் கோப்பவர் கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுகளால் கோப்பார். யூனிக்கோடு அதே எழுத்தை இரு வகையில் எழுத இடம் தருகிறது: ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாக வைப்பது ஒன்று, ககரத்தோடு எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. ஓகாரமும் ஔகாரமும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்று. பொறிக்கு இரண்டும் வேறு. 1998-இல் வந்த மாக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விசைப்பலகை வழியாக நாம் அடிப்பதோ பெரும்பாலும் சேர்ந்த வடிவம். ஆகவே பழைய மாக்கிலிருந்து வந்த 'தொகை' என்னும் கோப்பும், விண்டோஸில் அடித்த பட்டியலிலுள்ள 'தொகை' என்னும் சொல்லும் லினக்ஸில் பொருந்தமாட்டா. "கோப்பு இல்லை" என்று பொறி சொல்லும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக் கொள்வதே மருந்து. இதற்கான செயற்கூறு எல்லா முக்கிய மொழிகளிலும் உண்டு.

அடுத்தது நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது. யூனிக்கோடின் யு.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. 'நற்றிணை' என்பது நமக்கு நான்கு எழுத்து. பொறிக்குப் புள்ளியும் கொக்கியும் தனி என்பதால் ஏழு குறி, 21 பைட்டு. எனவே 85 குறிகளோடு பெயர் நின்றுவிட வேண்டும். விண்டோஸின் என்.டி.எப்.எஸ். முறையோ குறிகளையே 255 வரை எண்ணுகிறது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைப்பது நம் நண்பர் சிலருக்குப் பழக்கம். விண்டோஸில் அப்பெயர் செல்லும். லினக்ஸுக்கு வந்தால் வாசலிலேயே தடைபடும்.

மூன்றாவது, புள்ளி. நம் தலைவர்களையும் புலவர்களையும் முன்னெழுத்தால் அழைப்பது நம் மரபு. 'வ.உ.சி.' என்று ஓர் அடைவுக்குப் பெயரிட்டால் லினக்ஸ் அப்படியே வைத்துக் கொள்ளும். விண்டோஸ் பெயரின் இறுதியிலுள்ள புள்ளியை வெட்டிவிடும். பட்டியலில் புள்ளியோடும் தட்டில் புள்ளியின்றியும் இருந்தால் ஒப்பீடு தவறும். புள்ளியை விட்டு 'வ.உ.சி' என்று கோப்புக்குப் பெயரிட்டாலோ, பிரிக்கும் கருவி கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதைக் கோப்பின் வகை என்று கொள்ளும்: பெயர் 'வ.உ', வகை 'சி'. கப்பலோட்டிய தமிழரை இவ்வாறு இரு துண்டாக்கிய நிரலை நான் கண்டிருக்கிறேன். எழுதியவர் யார் என்று கேளாதீர்கள்.

பெரியவரின் உறைக்கு மறுபடி வருகிறேன். 'ரீடிங் ரோடு' என்று எழுதினாலும் 'மந்திர் மார்க்' என்று எழுதினாலும் சேரும் இடம் ஒன்றே. கோப்பு உலகிலும் இப்படி இணைப்புப் பெயர்கள் உண்டு. ஓர் அடைவுக்கு வேறோர் இடத்தில் மற்றொரு பெயர் வைக்கலாம். பாதையில் .. என்று வந்தால் 'ஒரு படி மேலே போ' என்று பொருள். 'அ/ஆ/../இ' என்பதைச் சுருக்கி 'அ/இ' என்று எழுதிவிடலாம் எனத் தோன்றும். 'ஆ' உண்மையான அடைவாயின் சரி. அது வேறெங்கோ உள்ள அடைவின் இணைப்புப் பெயராயின், அங்கே போய் ஒரு படி மேலே ஏறினால் 'அ' வராது, வேறிடம் வரும். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்துச் சுருக்காமல், உண்மையான இடத்தைப் பொறியிடம் கேட்டறிந்த பின்பே சுருக்க வேண்டும். பிறர் அனுப்பும் சுருக்குப் பொட்டலங்களை விரிக்கும் நிரல் எழுதுவோர் இதில் மிக விழிப்பாக இருக்க வேண்டும், உள்ளேயுள்ள பெயர்களில்.. களை அடுக்கி, நாம் குறித்த அடைவுக்கு வெளியே ஏறிச் சென்று எழுதும் பொட்டலங்களும் உலவுகின்றன.

திருத்திய நிரலோடு சித்திரையில் மறுபடி அவர் வீட்டுக்குப் போனோம். இம்முறை நகர்த்தாமல் படி எடுத்தேன். இலக்கில் பெயர் இருந்தால் நின்றுவிடும்படி எழுதினேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் முழுப் பட்டியலையும் ஓட்டி இரு விடைகளையும் ஒப்பிட்டேன். எட்டு மலர்கள் குறைவின்றி வந்தன. 1957 மலர் மட்டும் முதல் முறை எடுத்தபோதே தையல் விட்டிருந்தது. இரண்டாம் முறை பிரித்தபோது கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் கையோடு தூளாயின. முதல் முறை எடுத்த படத்தில் அவை தெளிவாக இருந்தன; அந்தப் படங்கள்மேல்தான் 1964 எழுதப்பட்டது. பெரியவர் தூளை ஒரு தாளில் மடித்து மலருக்குள்ளேயே வைத்துவிட்டு, எங்களுக்குக் காப்பி கொண்டு வரச் சொன்னார்.

1957 மலரின் பிரதி எவர் வீட்டிலேனும் இருந்தால், ஒரு நாள் இரவலாகத் தரும்படி சங்கத்தின் சார்பில் வேண்டுகிறேன். 49 முதல் 60 வரையுள்ள பக்கங்கள் போதும்.